எல்லையற்ற வெளிக்கு ஒரு தூதுவர்

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் அடியெடுத்து வைக்கும் அன்பர்களுக்கு, எல்லை என்பது இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று தொட்டு, சாலையில் நாலடி நடந்தால் போலீசும் வேறு. கச்சேரி மொழியும் வேறு. ஆயினும் நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசிக்கு எந்த எல்லையும் கிடையாது.

சின்னாட்களுக்கு முன், ரயில் நிலையத்திற்குப் புறப்பட்ட நாம், அண்டை வீட்டு மூதாட்டியார் பாஸ்புக்கும் கையுமாக நடுங்கியபடி பாங்கிக்கு விரைவதைக் கண்டோம். போலீஸ் உடையணிந்த ஒருவன் கைப்பேசித் திரையில் தோன்றி, "உம்மை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், பணம் கட்டாவிடில் சிறைதான், எவரிடமும் வாய் திறக்கலாகாது" என்று மிரட்டினானாம். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை என்று தேற்றித் திருப்பி அழைத்து வந்தோம். கணவர் வைத்துச் சென்ற பணம் தப்பிற்று. தப்பாதவர் எத்தனை பேரோ!

இத்தகைய மோசடிக் கூடங்கள் பல கம்போடியா, மியன்மார், லாவோஸ் முதலிய நாடுகளில் நடைபெற்று வந்துள்ளன. வெளிநாட்டு வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர் பலர் அங்கே அடைபட்டு, இக்கயமைக்கே ஏவப்பட்டனர். நம் ஊர் இன்ஸ்பெக்டர் அங்கே சென்று விலங்கு மாட்ட இயலாது. நாடும் நாடும் பேசியாக வேண்டும். அப்பேச்சே இணையத் தூதாண்மை.

இத்துறையில் முன்னின்றவருள் ஒருவர் லதா ரெட்டி அம்மையார். 1975-இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்து, போர்ச்சுகல், தாய்லாந்து நாடுகளில் தூதராக விளங்கி, 2011 முதல் 2013 வரை தேசியப் பாதுகாப்புத் துணை ஆலோசகராகத் திகழ்ந்தார். ஓய்வு பெற்றபின் ஆராய்ச்சியில் இறங்கி, 2017-இல் தொடங்கிய இணையவெளி நிலைத்தன்மைக்கான உலக ஆணையத்தின் இணைத் தலைவரானார். இணையத்தின் பொது நடுவத்தை எவரும் சிதைக்கலாகாது, தேர்தல் நடத்தும் கருவிகளில் கைவைக்கலாகாது என்பன உள்ளிட்ட எட்டு நெறிகளை அவ்வாணையம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் வகுத்தது.

2001-இல் புடாபெஸ்டு நகரில் உருவான உடன்படிக்கையை வகுத்தபோது இந்தியா உடனில்லை. ஆதலின் அதில் சேரவுமில்லை. 2024 டிசம்பர் 24-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இணையக் குற்றத்திற்கெதிரான புதிய உடன்படிக்கையை ஏற்றது. 40 நாடுகள் உறுதி செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும். பந்தியில் அமராதவனுக்கு இலை போடுவாரில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

பெற்றோரே! இரண்டு மொழி பேசி, இரண்டு சர்க்காரோடும் பழகி வளரும் நம் எல்லைப்புறப் பிள்ளைகளுக்குத் தூதாண்மையின் முதற்பாடம் வீட்டு வாசலிலேயே கிடைத்திருக்கிறது. சட்டமும் கணினியும் சேர்த்துப் படிக்க அவர்களை ஊக்குவியுங்கள். அதுவரை, 1930 என்னும் உதவி எண்ணைச் சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எம் அண்டை வீட்டு மூதாட்டியார் அவ்வாறே எழுதி வைத்திருக்கிறார்.