வரியில்லாக் கடையும் இரண்டு லிட்டரும்

வெளிநாட்டிலிருந்து திரும்பும் நம் வாடிக்கையாளர்களில் பலர், விமான நிலைய ‘டூட்டி ஃப்ரீ’ கடையில் வாங்கிய எதற்கும் சுங்கவரி இல்லை என்றே எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இந்தியாவுக்குள் வரும் பயணி ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர் மட்டுமே. துபாயில் வாங்கியதும், விமானத்தினுள் வாங்கியதும், இங்கு தரையிறங்கியபின் வருகைப் பகுதிக் கடையில் வாங்கியதும் இக்கணக்கிலேயே சேரும். ஒரு லிட்டர் புட்டிகள் இரண்டெனில் கணக்கு நேராகும். 750 மில்லிலிட்டர் புட்டிகள் மூன்றெனில் 2.25 லிட்டராகிவிடும். மிகுதியைச் சிவப்பு வழியில் அறிவித்து வரி செலுத்துதல் வேண்டும். அவ்வரி புட்டியின் விலையையே விஞ்சக்கூடும்.

கடவுச்சீட்டையும் போர்டிங் பாஸையும் கடையினர் கேட்பது வெறும் சடங்கன்று. வரி விதிக்கப்படாத அச்சரக்கைப் பன்னாட்டுப் பயணியர்க்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது.

வழியில் விமானம் மாறுவோர்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் பாதுகாப்புச் சோதனையில் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. ரசீதுடன் கடையில் முத்திரையிட்டுத் தரும் பைக்கு விலக்குண்டு. ஆர்வத்தில் அதை நடுவழியில் பிரித்துவிட்டால் புட்டி குப்பைத்தொட்டிக்கே போகும்.

அட்டையில் பணம் செலுத்துகையில், ரூபாயிலா அந்நாட்டு நாணயத்திலா என்று கருவி கேட்டால் அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடையின் தரப்பே நிர்ணயிக்கும். அது பெரும்பாலும் நமக்கு நட்டமே.