டிஜிட்டல் கைது: தனிமையில் மட்டுமே பலிக்கும் மோசடி

"உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது." "உங்கள் ஆதாரைக் கொடுத்து வாங்கிய சிம் கார்டில் குற்றம் நடந்திருக்கிறது." இப்படித்தான் அந்த அழைப்பு தொடங்கும். பேசுபவர் கூரியர் ஊழியர் என்பார். அல்லது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அதிகாரி என்பார். நீங்கள் மறுத்தால் கோபப்பட மாட்டார். "அப்படியானால் மும்பை போலீசில் சொல்லிவிடுங்கள், நானே இணைப்புத் தருகிறேன்" என்று பரிவோடு பேசுவார். 'டிஜிட்டல் கைது' மோசடியின் முதல் படி இது.

அடுத்து வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வரும். சீருடை அணிந்த ஒருவர், அவருக்குப் பின்னால் துறை முத்திரை, கொடி. சி.பி.ஐ., அமலாக்கத் துறை, உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் பெயரில் போலி ஆணைகளை அனுப்புவார்கள். கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது, வீட்டாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பார்கள். மணிக்கணக்கில், சிலரை நாள்கணக்கில் இப்படியே வைத்திருப்பார்கள். ஆள் களைத்துப்போன பிறகு, "பணத்தை ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், திரும்ப வந்துவிடும்" என்பார்கள்.

விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். பத்மபூஷண் விருது பெற்றவரும் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவருமான எஸ்.பி. ஓஸ்வால் 2024 ஆகஸ்டில் 7 கோடி ரூபாய் இழந்தார். உச்ச நீதிமன்ற விசாரணையையே இணையவழியில் நடித்துக்காட்டி, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் விசாரிப்பதாக அவரை நம்பவைத்தார்கள். புகார் கொடுத்ததால் 5.25 கோடியைக் காவல்துறை மீட்டது.

திரையில் தெரியும் எண்ணை வைத்து யாரையும் நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே பேசிக்கொண்டே இந்திய எண்ணைக் காட்ட முடியும். அத்தகைய அழைப்புகளைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் அமைப்பைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி அழைப்புகள் சிக்கின. உங்கள் முகவரியும் ஆதார் எண்ணும் அவர்களுக்குத் தெரிந்திருப்பதும் சான்றாகாது. கசிந்த தகவல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அனுப்பிய பணம் வாடகைக்கு எடுத்த பலருடைய வங்கிக் கணக்குகளில் பிரிந்து ஓடி, கிரிப்டோவாக மாறி நாட்டை விட்டே போய்விடும். கம்போடியாவிலும் மியான்மரிலும் லாவோசிலும் இந்த மோசடிக்கென்றே வளாகங்கள் இயங்குகின்றன. கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்களும் அங்கே அடைபட்டு, ஏமாற்றும் வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கிறார்கள்.

உண்மையான கைது எப்படி நடக்கும் என்று தெரிந்தால் போலி வெளிச்சத்துக்கு வந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும். கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வீடியோ அழைப்பில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. சட்டம் 'வீட்டாருக்குச் சொல்' என்கிறது. மோசடிக்காரர் 'வீட்டாருக்குச் சொல்லாதே' என்கிறார். ரகசியம் காக்கச் சொன்னால் அதுவே மோசடிக்கு அடையாளம்.

ஆகவே, அழைப்பைத் துண்டியுங்கள். எவ்வளவு மிரட்டினாலும் உங்களைத் தடுக்க அந்தத் திரைக்குச் சக்தி கிடையாது. உடனே மகனிடமோ மகளிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். அழைத்தவர் கொடுத்த எண்ணில் பேசாதீர்கள். பணம் அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம்; உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் முடக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

ஓய்வூதியச் சேமிப்போடு தனியாக வாழும் பெரியவர்கள் இந்தக் கும்பல்களின் முக்கிய இலக்கு. உங்கள் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியிடம் இன்றே இதை விளக்குங்கள். "யார் மிரட்டினாலும் முதலில் எனக்குப் போன் செய்யுங்கள், நான் கோபப்பட மாட்டேன்" என்று உறுதியும் கொடுங்கள்.