51 எழுத்தில் ஒரே சொல்!

ஒரு சொல்லில் எத்தனை எழுத்துக்கள் இருக்கும்? ஐந்து இருக்கும், பத்து இருக்கும். 51 எழுத்துக்கள் இருந்தால்?

டேனிஷ் மொழியில் அப்படி ஒரு சொல் இருக்கிறது. இதோ பாருங்கள்:

"ஸ்பெசியல்லேயபிராக்சிஸ்பிளான்லேய்னிங்ஸ்ஸ்டபிலிசேரிங்ஸ்பெரியோட!"

மூச்சு வாங்குகிறதா? டேனிஷ் மொழியின் மிக நீண்ட சொல் என்று 1993-ம் ஆண்டு கின்னஸ் புத்தகத்தில் இது இடம் பெற்றது.

டேனிஷ், டென்மார்க் நாட்டு மக்களின் மொழி. 1620-ம் ஆண்டில் நம் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டி, 1845-ம் ஆண்டில் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்களே, அவர்கள்தான் இந்த டேனிஷ்காரர்கள்.

மூக்குக் கொம்பன்

இவர்கள் சின்னச் சின்னச் சொற்களை இடைவெளி இல்லாமல் ஒட்டிப் புதுச் சொல் செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வைத்த பெயர் "நோயாளி வீடு" (சூயஹூஸ்). குளிர்சாதனப் பெட்டி "குளிர் அலமாரி". காண்டாமிருகம் "மூக்குக் கொம்பு". குழந்தைகள் பள்ளி "குழந்தைத் தோட்டம்"!

நடுவே ஒரு "ஸ்"

புளியும் பழமும் சேரும்போது நடுவே "அம்" வந்து "புளியம்பழம்" ஆகிறதல்லவா? டேனிஷ் மொழியிலும் அப்படி உண்டு.

"வீன்" என்றால் திராட்சை மது. அதை ஊற்றும் கிண்ணம் "வீன்கிளாஸ்". சிவப்பு மது "ரோத்வீன்". அதற்குரிய கிண்ணமோ "ரோத்வீன்ஸ்கிளாஸ்"! முதல் பகுதியே இரண்டு சொற்கள் சேர்ந்ததாக இருந்தால், பெரும்பாலும் நடுவே "ஸ்" வந்து ஒட்டவைக்கிறது.

வரி முடிவில் இடம் போதாவிட்டால் இந்தச் சொல்லை எப்படிப் பிரிப்பது? ஒட்டிய இடத்தில்தான் பிரிக்க வேண்டும். "ஸ்" மேல் வரியிலேயே நிற்கும்; "கிளாஸ்" மட்டும் கீழே இறங்கும். "ஸ்" கீழே வந்தால் "ஸ்கிளாஸ்" என்று பொருளில்லாமல் போய்விடும்.

இடைவெளியால் வந்த வினை

ஒட்ட வேண்டிய சொற்களை ஒட்டாமல் விட்டாலும் ஆபத்துதான்.

"டான்ஸ்க்லேரர்" என்று சேர்த்து எழுதினால் டேனிஷ் மொழி கற்பிக்கும் ஆசிரியர். பிரித்து எழுதினால் டென்மார்க் நாட்டு ஆசிரியர். அவர் கணக்கு வாத்தியாராகவும் இருக்கலாம்!

"லாமலோர்" என்றால் ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. கறிக்கடைப் பலகையில் "லாம லோர்" என்று இடைவெளி விட்டு எழுதினால், "முடங்கிப்போன தொடைகள்" என்று பொருள் வந்துவிடும். யார் வாங்குவார்கள்?

இந்த விவகாரங்களைக் கவனிக்க 1955-ம் ஆண்டில் டேனிஷ் மொழிக் குழு ஏற்பட்டது. அதன் எழுத்து அகராதியைப் பள்ளிக்கூடங்களும் அரசாங்க அலுவலகங்களும் பின்பற்ற வேண்டும் என்று 1997-ம் ஆண்டில் சட்டமே வந்தது.

வாலைப் பிடியுங்கள்

நீண்ட சொல்லைக் கண்டால் பயப்பட வேண்டாம். முதலில் வாலைப் பிடிக்க வேண்டும். கடைசியில் நிற்பதே தலைமைச் சொல்; முன்னால் வருபவை எல்லாம் அதை விளக்க வந்தவை.

அந்த 51 எழுத்துச் சொல்லின் வால் "பெரியோட". அதற்குக் "காலம்" என்று பொருள். என்ன காலம்? நிலைப்படுத்தும் காலம். எதை? திட்டமிடும் வேலையை. என்ன திட்டம்? சிறப்பு டாக்டர்களின் வைத்தியத் தொழிலுக்கான திட்டம்.

அவ்வளவுதான் விஷயம்!