காவலும் பொறுப்புக்கூறலும்

தமிழில் ‘காவல்’ என்னும் சொல் பாதுகாப்பைக் குறிக்கும். தடுத்து வைத்தலையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விட்டு விலகலாகாது. ஒருவரைக் காவலில் வைக்கும் அரசு, அவர் உயிருக்கும் உடலுக்கும் காவலாக நிற்கக் கடமைப்பட்டது. அக்கடமை தவறும்போது விடை கேட்பவர் யார் என்பதே பொறுப்புக்கூறல் பற்றிய வினா.

பொறுப்பு வேறு, பொறுப்புக்கூறல் வேறு. பொறுப்பை ஒருவர் தாமே ஏற்கலாம். பொறுப்புக்கூறலுக்கோ, வினவும் உரிமை பெற்ற மற்றொருவர் வேண்டும். அவர் வினவப்படுவோரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

மலேசியாவில் இவ்வினா இருபது ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் அப்துல்லா தலைமையில் 2004இல் அமைந்த அரச விசாரணை ஆணையம், 2005இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. காவல்துறை மீதான புகார்களையும் முறைகேடுகளையும் விசாரிக்கத் தன்னுரிமை கொண்ட ஆணையம் ஒன்றை நிறுவவேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. தவறிழைத்தோர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் அதற்கு இருக்கவேண்டும் என்று கருதப்பட்டது.

அதற்கான சட்ட முன்வரைவு 2019இல் மக்களவைக்கு வந்து, 2020இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த முன்வரைவு 2022இல் மக்களவையில் நிறைவேறி, 2023 ஜூலை 1 முதல் சட்டமாக நடப்பிற்கு வந்தது. பெயரிலிருந்த ‘புகார்’, ‘முறைகேடு’ என்னும் சொற்கள் நீங்க, ‘நடத்தை’ என்னும் மென்மையான சொல் இடம்பெற்றது. சொல்லோடு அதிகாரமும் குறைந்தது. இன்றைய ஆணையம் விசாரிக்கலாம், தண்டிக்க இயலாது. ஒழுங்கு நடவடிக்கைக்குரிய முடிவுகளைக் காவல் படை ஆணையத்திற்கு அனுப்பிவைக்க வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 140ஆம் பிரிவின்படி அமைந்த அவ்வாணையத்திற்குக் காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சரே தலைவர். தேசியக் காவல்துறைத் தலைவரும் அதில் ஓர் உறுப்பினர்.

இதனால் இன்றைய ஆணையம் பயனற்றது என்று தள்ளிவிடலாகாது. காவல்துறைக்கு வெளியே முறையிட ஒரு வாயில் திறந்திருப்பது நன்மையே. பொய்ப்புகாருக்கு ஆளான நேர்மையான காவலரின் பெயரும் சார்பற்ற விசாரணையால் துலங்கும். எனினும், ஆய்ந்தறிவோர் ஒருவர், முடிவெடுப்போர் மற்றொருவர் என்றிருக்கும்வரை மக்கள் கண்காணிப்பு பாதி வழியிலேயே நிற்கும்.

குடிமக்கள் அறியவேண்டியவை வேறு சிலவும் உள. கைதானவர் அதற்கான காரணத்தை அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரை நாடவும் அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. காவலில் நேரும் மரணத்தைப் பற்றி விசாரணை நடைபெற வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு விதிக்கிறது. இவற்றை வகுப்பறையில் கற்பிப்பது காவல்துறையை வெறுக்கக் கற்பிப்பதாகாது. உரிமை அறிந்த மாணவனே நாளை அச்சமின்றிக் காவல் நிலையப் படியேறி, தன் ஐயத்தைப் பணிவோடு கேட்பான். அவ்வாறு கேட்கத் தெரிந்த மக்களின்றி எந்த ஆணையமும் வலுப்பெறாது.