நினைவுக் குறிப்பில் கூலி எங்கே?

சிதம்பரத்தில் மாலை நடைக்கு வரும் நண்பர்கள் சிலர் நினைவுக் குறிப்புகள் எழுதுகிறார்கள். தேரோட்டமும் ரயில் பயணமும் அவற்றில் உண்டு. நாற்று நட்டவருக்கு எத்தனை மரக்கால் நெல் அளந்தார்கள் என்பது இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், கிராமங்களை நேரில் கண்டு எழுதுமாறு தம் மாணவர்களைப் பணித்தார். நிலம், கடன், கூலி, உணவு என அவர்கள் பதிந்தவை 1918-இல் நூலாயின. அவற்றுள் ஒன்று, கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டு. அந்தப் பதிவு இருந்ததால்தான் 1930-களிலும் 1980-களிலும் 2008-இலும் ஆய்வாளர்கள் அவ்வூருக்குத் திரும்பி, எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிட முடிந்தது. எழுதியவர்கள் பெரிய எழுத்தாளர்கள் அல்லர். கேட்டு, எண்ணி, அளந்து எழுதினார்கள், அவ்வளவுதான்.

மரக்காலும் ஊருக்கு ஊர் வேறு. அது எத்தனை படி என்பதையும் குறித்தாக வேண்டும்.

நானும் தவறியவனே. எங்கள் களத்துக் கதிரடிப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். களம் கூட்டிய அம்மையாருக்கு என்ன கொடுத்தோம் என்பது நினைவில்லை. கேட்கலாமென்றால் அவர் இன்று இல்லை.