சைலன்சர் வாயில் பளபளப்பு, வயிற்றில் தண்ணீர்

கார் இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் போட்ட பூட்டை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடத்தில், கையிலிருக்கும் அக்குவாவையும் விட்ஸையும் வேகன் ஆரையும் மெருகேற்றி வைத்துக்கொள்ளக் கண்டிக்காரர்கள் நன்றாகவே பழகிவிட்டார்கள். சீட் கவர், அலோய் வீல், அடுத்தது சைலன்சர் டிப். உதிரிப்பாகக் கடையில் குரோம் பூச்சு மின்னும் ஒன்றை வாங்கி, இரண்டு மூன்று போல்ட்டை முறுக்கினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. வண்டியின் பின்பக்கம் புதிதாகத் தெரியும். அதில் எனக்கு மறுப்பில்லை. என் கவலையெல்லாம் அந்தப் பளபளப்புக்கு ஒரு முழம் முன்னால் தேங்கிக் கிடக்கும் தண்ணீரைப் பற்றியது.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. சூடாக இருக்கும்வரை அது ஆவியாக வெளியே போய்விடும். சுமார் 50 பாகைக்குக் குறைவான சூட்டில் இருக்கும் இரும்பில் பட்டால் துளியாகிவிடும். இயந்திரத்துக்குப் பக்கத்திலுள்ள குழாய் சீக்கிரம் கொதிக்கும். வண்டியின் வாலில் இருக்கும் சைலன்சர்தான் கடைசியாகச் சூடேறும். பேராதனையிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாவிக்கரைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, எங்காவது நிழலில் நிறுத்தும் வண்டியை நினைத்துப் பாருங்கள். ஏழு கிலோமீற்றர்கூட இல்லை. பாதி நேரம் நெரிசலில் ஊர்கிறது. ஹைபிரிட் என்றால் நெரிசலில் இயந்திரம் தானாகவே நின்றுவிடும். சைலன்சர் காய்வதற்கு வழியே இல்லை. காலையில் சேர்ந்த நீர், புகையிலுள்ள கந்தக, நைதரசன் ஒட்சைட்டுகளோடு கலந்து அமிலத் தன்மை பெற்று, மறுநாள் காலைவரை இரும்பின் மேல் ஊறிக் கிடக்கிறது.

கறள் என்றாலே நமக்குக் கொழும்புக் கடற்காற்றுத்தான் நினைவுக்கு வரும். மலைநாட்டில் அந்தப் பயமில்லை என்று பலரும் அடிப்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. மழையும் ஈரமும் வெளியிலிருந்து தின்பது ஒருபுறம் இருக்க, சைலன்சரை உள்ளிருந்து தின்பது குறுகிய ஓட்டம். இதில் கண்டிக்கும் காலிக்கும் வித்தியாசமில்லை. ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் ஓடிய ரீகண்டிஷன் வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பனி உருக வீதியில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பின் வேலை கப்பலேறும் முன்பே அடிப்பக்கத்தில் தொடங்கியிருக்கும்.

இப்படி உள்ளே மெலிந்த குழாயின் நுனியில் கனமான டிப்பை மாட்டும்போது என்ன நடக்கிறது? போல்ட்டின் முனை குழாயைக் குத்திப் பிடிக்கிறது. குத்திய இடத்தில் காப்புப் பூச்சு உரிகிறது. குழாய்க்கும் டிப்புக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி விழுகிறது. மழைநீரும் சேர்விஸ் நிலையத்தில் பீய்ச்சும் நீரும் அதற்குள் புகுந்து வெளியே வர வழியில்லாமல் நிற்கின்றன. டிப் நல்ல ஸ்டெயின்லெஸ் என்றாலும், ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் சாதாரண இரும்புக் குழாய்தான் முதலில் கறள் பிடிக்கும். ஆறு மாதம் கழித்துக் கழற்றிப் பாருங்கள்: மேலே கண்ணாடி போல் மின்னும் உருளை, உள்ளே செம்மண் நிறத்தில் உதிரும் செதில்.

மாட்டத்தான் வேண்டுமென்றால் ஒழுங்காக மாட்டலாம். குழாயின் வெளிவிட்டத்தைக் கலிப்பரால் அளந்து அதற்குச் சரியானதையே வாங்குங்கள். கடைக்குச் சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பட்டென்று ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் குரோம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டாலும் முழுதாக நம்ப முடியாது, மலிவான ஸ்டெயின்லெஸ் வகைகளிலும் ஒட்டாதவை உண்டு. கம்பித் தூரிகையால் நுனியைத் தேய்த்து, வெப்பம் தாங்கும் பெயின்ற் பூசிக் காயவிட்டபின் மாட்டுங்கள். டிப் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், தண்ணீர் வழிந்துவிடும். பம்பரிலிருந்து இரண்டு விரலாவது தள்ளி நிற்கட்டும். ரப்பர் தொங்கலில் சைலன்சர் ஆடும்போது சூடான உலோகம் பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது. ஒவ்வொரு சேர்விஸிலும் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறையாவது மாத்தளைவரை நிற்காமல் ஓட்டிவிட்டு வந்தால் உள்ளிருக்கும் ஈரம் காய்ந்துவிடும்.

இன்னொன்று. சில சைலன்சர்களின் அடியில் தொழிற்சாலையிலேயே போட்ட சின்னத் துளை இருக்கும். காலையில் அதிலிருந்து நீர் சொட்டும். அதைக் கறள் ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடுகிறார்கள். நீர் வெளியேற இருக்கும் வழி அதுதான், அடைக்கவே கூடாது.

அலங்காரம் அவரவர் விருப்பம், டிப் குழாய் நுனியைக் கொஞ்சம் காக்கவும் செய்யும் என்று இளைஞர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் பின்னால் நின்று பார்க்கிற கண்ணுக்குப் புதுக் குழாயாகத் தெரிவதால், உள்ளே அரித்துப்போன இணைப்பை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த இணைப்பில் ஓட்டை விழுந்தால் புகை டிப் வழியாகப் போகாது. வண்டியின் அடியிலேயே பரவும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரைத்தகட்டிலும் கறள் துளைகள் இருந்தால், டிக்கிக் கதவின் ரப்பர் தேய்ந்திருந்தால், அது உள்ளே வரும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகியவையே முதல் அறிகுறிகள். கடுகண்ணாவை வளைவுகளில் பின் ஆசனத்துப் பிள்ளை தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால் நாம் வளைவைத்தானே குறை சொல்வோம்? தேசிக்காயை மோந்து பார்க்கக் கொடுத்துவிட்டு, ஏசிக்காகக் கண்ணாடிகளை ஏற்றியபடியே ஓட்டுவோம். எனக்குத் தூக்கம் கெடுவது இந்த இடத்தில்தான். வண்டி ஏறினால் மட்டும் வருகிற, இறங்கிக் காற்றுப் பட்டதும் போய்விடுகிற தலைவலியை வளைவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உடனே கண்ணாடிகளை இறக்குங்கள், ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளை வெளியே இறக்குங்கள், சைலன்சரைப் பார்க்காமல் அந்த வண்டியை மறுபடி ஓட்டாதீர்கள்.

டிப் வாங்கப் போகும் நாளில் முதலில் வண்டியை ரேம்பில் ஏற்றச் சொல்லுங்கள். இயந்திரம் ஆறியபின் பாஸ் ஸ்க்ரூட்ரைவர் பிடியால் சைலன்சரை அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பார்க்கட்டும். கணீரென்று கேட்டால் டிப்பை மாட்டுங்கள். மொத்தென்று கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ, டிப்புக்கு எடுத்துவைத்த காசைச் சைலன்சருக்குக் கொடுங்கள்.