வலிப்புக்கு இரண்டாவது மருந்து: பெற்றோர் கவனத்திற்கு

நம் தோட்டப்புறங்களில் காக்காய் வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. நான் எழுத வந்தது வேறு. மருந்து சாப்பிட்டும் வலிப்பு அடங்காத பிள்ளைக்கு மருத்துவர் இரண்டாவது மருந்தைச் சேர்க்கும்போது வீட்டில் நடப்பதைப் பற்றி.

"புது மருந்து வந்துவிட்டதே" என்று பழையதை நிறுத்திவிடும் பெற்றோரை பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கண்டிருக்கிறேன். இது பெரும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே உலை வைக்கும். துணை மருந்து என்பது பழையதோடு சேர்த்துக் கொடுப்பது. குறைப்பதென்றால் மருத்துவர் சொன்னபடி, சிறுகச் சிறுக.

இரண்டாவது மருந்து என்றதும் நம்பிக்கை இழப்பவர்களும் உண்டு. கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 47 பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. மேலும் 13 பேருக்கு இரண்டாவதில் நின்றது. தகுந்த இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் நிற்காவிட்டால்தான் "மருந்துக்கு அடங்காத வலிப்பு" என்பது 2010இல் உலக வலிப்பு மருத்துவர் கழகம் வகுத்த வரையறை.

புது மருந்து சேர்க்குமுன் மருத்துவர் பிள்ளையை எடை போடுவார். அளவு எடையைப் பொறுத்தது. மூன்று வயதில் எழுதிய அளவு ஆறு வயதில் போதாமல் போகலாம். திரவ மருந்தைச் சமையல் கரண்டியால் ஊற்றினாலும் கணக்குத் தப்பும். மருந்தகத்தில் அளவு குறித்த ஊசியில்லாச் சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள்.

மருந்துகள் ஒன்றையொன்று பாதிப்பதும் உண்டு. வால்புரோயேட் சாப்பிடும் பிள்ளைக்கு லாமோட்ரிஜின் சேர்த்தால், முன்னது பின்னதை உடலிலிருந்து வெளியேற விடாமல் தாமதப்படுத்தும். எனவே மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் தோலில் கடுமையான தடிப்பு வரலாம். தடிப்பைக் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கார்பமசெபின் இதற்கு நேர்மாறு. லாமோட்ரிஜினை விரைவில் வெளியேற்றிவிடும். லெவெடிரசிட்டம் சில பிள்ளைகளை எரிச்சல்காரர்களாக்கும். டொபிராமேட் வியர்வையைக் குறைக்கும். 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெண்டாங் பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட கெடாவில், அம்மருந்து சாப்பிடும் பிள்ளையைத் திடலில் ஓட விடலாமா?

பலன் எப்படித் தெரியும்? ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் போதும். நாள், நேரம், எத்தனை நிமிடம், எந்தக் கை இழுத்தது, மருந்து தவறியதா என்று எழுதி வையுங்கள். வகுப்பில் சில வினாடி வெறித்து நிற்பதும் வலிப்பாக இருக்கலாம். கவனமில்லை என்று அதட்டும் ஆசிரியர்கள், என் இனத்தவர்தாம், இதை அறிய வேண்டும். மாதம் எட்டு முறை வந்தது மூன்றாகக் குறைந்தால், துணை மருந்தின் கணக்கில் அது வெற்றியே. புத்தகம் இல்லாத வீட்டில் "இன்னும் நிற்கவில்லை" என்று மருந்தை மூலையில் வைத்துவிடுவார்கள்.

மருந்துகள் பலன் தராவிட்டால் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு முறையும், சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் உண்டு. அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலோ சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவரைக் காணும்போது அந்தப் புத்தகத்தையும் எல்லா மருந்துப் புட்டிகளையும் எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 999க்கு அழையுங்கள்.